புகையே வராத கரி

யுத்தம் முடிந்து மூன்றாவது வருடத்து மாரிகாலம் அது. புத்தளத்துப் பாலாவிச் சந்தியிலிருந்து கடலோரக் களப்புப் பக்கமாக ஒரு மைல்கட்டை தூரத்தில் எங்கள் வீடு. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, ஓலைக் கொட்டிலில் இருபது வருடம் இருந்துவிட்டு, அப்போதுதான் சீமெந்துக் கல் வைத்து இரண்டு அறை கட்டியிருந்தோம். தரைக்குச் சிவப்புத் தூள் போட்டு மினுக்கியிருந்தோம். அந்தத் தூளில் ஒரு பை மிஞ்சிப் போனது. நடந்தது எல்லாம் அந்த ஒரு பையால்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல வெட்கமாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி, தேங்காய்ச் சிரட்டைக் கரியை அரித்து மூட்டை கட்டுகிற இடம் ஒன்று இருந்தது. பெரிய துண்டுகள் லொறியில் ஏறும். தூள் அங்கேயே குவிந்து கிடக்கும். காற்றடித்தால் கொடியில் காய்கிற என் வெள்ளைச் சாரிகள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். தூளைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். இன்னும் கொஞ்சம் கொண்டுபோங்கள் டீச்சர் என்று கெஞ்சாத குறை. மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, அதில் கரித்தூளைக் கொட்டிப் பிசைந்து, வெட்டிய குழாய்த் துண்டை அச்சாக வைத்துத் தட்டி, உரப்பையின் மேல் காயவைப்பேன். மாணவர்களின் கண்காட்சிக்காகத் தொடங்கிய வேலை. கண்காட்சி முடிந்தது, எனக்கு முடியவில்லை.

அந்தக் கரிக்கட்டிகள் லேசில் பற்றாது. பற்றினாலும் முதல் கால் மணித்தியாலம் கண்ணைக் கரிக்கும் புகை. உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லுவா:

"உன்ட கரியில ஒரு தேத்தண்ணி வெக்கிறத்துக்குள்ள லுஹருக்குப் பாங்கு சொல்லிருவாங்க புள்ள."

ஒரு நாள் ஈரக் கட்டி ஒன்று கைதவறி அந்தச் சிவப்புத் தூள் பைக்குள் விழுந்தது. எடுத்துத் தட்டிவிட்டு மற்றவற்றோடு காயப்போட்டேன். நாலைந்து நாள் கழித்து அடுப்பில் வைத்தபோது, பக்கத்தில் இருந்த கட்டிகள் எல்லாம் முணுமுணுத்துப் புகைந்துகொண்டிருக்க, அந்தச் சிவப்புக் கட்டி மட்டும் ஒரு சத்தமும் இல்லாமல் ஓரத்திலிருந்து கனிந்து வந்தது. நான் விசிறியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தச் சிவப்புத் தூள் வேறொன்றுமில்லை, இரும்பு ஒட்சைட்டு. உப்புக் காற்றில் எங்கள் ஊர்ச் சைக்கிள்களைத் தின்று தீர்க்கிறதே துரு, அதன் சொந்தக்காரன். கரிக்கும் காற்றிலுள்ள ஒட்சிசனுக்கும் நடுவில் நின்று அது கலியாணத் தரகர் வேலை பார்க்கிறது. இரண்டும் சேருவதற்கு வேண்டிய சூடு குறைந்துவிடுகிறது. ஊக்கி என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். என் சொந்த அடுப்பில் அதைக் கண்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, ஒரு கொப்பியும் கைக்கடிகாரமுமாகப் பின்பக்கம் போய்க் குந்திவிடுவேன். ஒரு சிரட்டைக் கரித்தூளுக்கு ஒரு கரண்டி சிவப்புத் தூள் போட்டால் பாதி நேரத்தில் பற்றியது. இரண்டு கரண்டி போட்டால் இன்னும் சுறுக்காகப் பற்றியது, புகை ஒரு நூலளவுகூட இல்லை, ஆனால் எரிந்து தீர்வதும் சுறுக்கு. மூன்று கரண்டிக்குச் சூடு மங்கி, கல் மாதிரி ஒரு சிவப்புக் கட்டி மிஞ்சியது. எல்லாவற்றையும் எழுதினேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எழுதுவதை விடப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். சுவாலை இல்லை, புகை இல்லை. மாலை வெளிச்சம் மங்க மங்க அந்தக் கட்டிக்குள் ஒரு நிறம் மெல்ல விரியும், காற்று வந்தால் கூடும், போனால் குறையும், மூச்சு விடுவதுபோல. சாம்பல்கூட வெள்ளையாக விழாது, செங்கபிலமாக, பூப்போல விழும். களப்பிலிருந்து வருகிற காற்றும் அந்தத் தணலின் இளஞ்சூடும் சேர்ந்து என்னை எங்கேயோ கொண்டுபோய்விடும். உம்மா மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்பி வருவேன்.

அந்த நேரத்தில்தான் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. கலியாணம் முடித்து ஆறு வருடம் கழித்துப் பிறந்த பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தோம். தங்கையின் மாப்பிள்ளை, எங்கள் மச்சானுக்கு, உப்பளத்தில் வேலை, வாரத்தில் இரண்டு நாள்தான் வந்துபோவார். நாற்பது நாளும் உம்மாவின் ஆட்சி. பெற்றவள் குளித்து வந்ததும் அறைக்குள் சாம்பிராணி போட வேண்டும். சாம்பிராணி அடங்கிய பிறகும் தணல் சட்டியை வெளியே எடுப்பதில்லை. இடுப்பு வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார்கள்.

சிரட்டைத் தணல் என்றால் அது கொஞ்சம் புகையும். கண் கரிக்கத் தொடங்கியதும் உம்மா எழும்பி ஜன்னலைத் திறப்பா. கண்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்ப்பதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் போதும் என்று அர்த்தம்.

குழந்தை புகையில் இருமியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய கண்டுபிடிப்புக்காரி வீட்டில் இருக்கும்போது இந்தப் பிள்ளை ஏன் இரும வேண்டும்? இரண்டு கரண்டிக் கணக்கில் ஒரு சாக்கு நிறையக் கரி செய்து கொடுத்தேன். உம்மா முதல் நாள் மூக்கை நீட்டி மோந்து பார்த்தா. புகை வரவில்லை. அவவின் முகத்தில் வந்த ஆச்சரியம் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது போல இருந்தது. நாலு நாள் எல்லாம் நன்றாகவே போனது. அந்த நாலு நாளும் வெயில். ஜன்னல் திறந்தே கிடந்தது.

ஐந்தாம் நாள் விடியலிலிருந்து மழை. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. பிரசவக் காய மருந்துக்குச் சரக்கு வாங்க உம்மா மதுரங்குளிக்குப் பஸ் ஏறினா. போகும்போது, கூதல் காத்து புள்ளையில படாமப் பாரு என்று சொல்லிவிட்டுப் போனா. நான் மிக நன்றாகப் பார்த்துக்கொண்டேன். முன்கதவைப் பூட்டினேன். அறைக் கதவைச் சாத்தினேன். பலகை ஜன்னலை இழுத்துக் கொளுக்கி போட்டேன். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் ஒரு பழைய சாரத் துணியைச் சுருட்டி அடைத்தேன்.

தங்கை குளித்து வந்தாள். சாம்பிராணி போட்டேன். சட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். கரி சுறுக்காக எரிந்து சூடு குறைய, இன்னும் ஒரு கை போட்டேன். அதுவும் குறைய, இன்னொரு கை. யாருக்கும் கண் கரிக்கவில்லை. வெளியே மழை தகரத்தில் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே சாம்பிராணி வாசமும் பால் வாசமும். நான் கட்டிலோரம் தரையில் சாய்ந்து, பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினது மாதிரி ஒரு பாரம். இரவெல்லாம் பிள்ளை அழுததில் தூக்கம் இல்லை, அதுதான் என்று நினைத்தேன்.

தங்கை கட்டிலில் இருந்து மெல்லச் சொன்னாள்:

"உங்கட கரி நல்லம் ராத்தா. புள்ள எவ்வளவு அமைதியாத் தூங்குது பாருங்க."

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு நான் வகுப்பில் நின்றேன். கையில் வெண்கட்டி இருந்தது, கரும்பலகை சிவப்பாக இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேசையில் தலையை வைத்துப் படுத்தார்கள். பாவம், படுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். களப்புத் தண்ணீர் வாசற்படியால் சத்தமில்லாமல் உள்ளே வந்தது. இளஞ்சூடான தண்ணீர். கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. ஒருவருக்கும் பயமில்லை. மேசைகள் ஓடங்கள் மாதிரி மெல்ல மிதக்கத் தொடங்கின. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததேயில்லை. எங்கேயோ தூரத்தில் யாரோ ஒரு பெண் "சுறா, சுறா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தண்ணீரில் சுறா வராதே என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வாயைத் திறக்கச் சோம்பலாக இருந்தது.

கூப்பிட்டவள் நிஜமாகவே வந்திருந்தாள்.

உடப்பு என்ற கடற்கரை ஊரிலிருந்து கருவாடும் மீனும் கொண்டு வருகிற ஒரு அக்கா. வாரத்தில் இரண்டு நாள் கூடையோடு பஸ் பிடித்து வந்து எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் விற்பா. உம்மாவோடு வாசலில் நின்று இரண்டு வார்த்தை கதைப்பதோடு சரி, வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. பால் சுரக்கப் பால்சுறா வேண்டும் என்று போன தடவை உம்மா சொல்லிவைத்திருந்தா. அந்த மழையில் அதைத்தான் கொண்டு வந்திருந்தா.

நடந்ததை அவ பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறா. பதில் இல்லை. வேறு மீனென்றால் திரும்பிப் போயிருப்பா. ஆனால் பெற்றவளுக்கென்று கொண்டு வந்த பால்சுறாவை வாசலோடு திருப்பிக்கொண்டு போகக் கூடாதாம். போனால் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்று அவர்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. யாராவது ஒரு கை அதை வாங்க வேண்டும். வாசலில் இரண்டு சோடிச் செருப்பு கிடந்தது, ஆக ஆள் இருக்கிறது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து ஜன்னலில் தட்டியிருக்கிறா. பெற்றவளும் பிள்ளையும் இருக்கிற அறை, இன்னொரு வீட்டு ஜன்னல், தட்டுவதே தப்போ என்று கூசிக்கூசித்தான் தட்டினேன் என்றா. பலகையில் காதை வைத்தாவாம். பிறந்து பத்து நாளான பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு சிணுங்கல்கூட இல்லை. அதுதான் அவவுக்குச் சரியாகப் படவில்லை.

மீன் வெட்டுகிற கத்தியை ஜன்னல் இடுக்கில் விட்டு நெம்பியிருக்கிறா. கொளுக்கி வளைந்து விட்டுக்கொடுத்தது.

எனக்கு முதலில் தெரிந்தது குளிர். முகத்தில் மழைச் சாரல் அடித்தது. பிறகு ஜன்னலுக்குள்ளால் ஏறி விழுந்த ஈரச் சாரி ஒன்று என்னைத் தாண்டிக்கொண்டு போனது. யாரோ என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்கள்.

"டீச்சர்! எழும்புங்க! பிள்ளையப் பாருங்க டீச்சர், பிள்ளையப் பாருங்க!"

அறைக் கதவும் முன்கதவும் திறந்தன. யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதும், பிறகு தங்கையை இழுத்துக்கொண்டு போனதும் தெரிந்தது. நான் நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்து, முன்வாசல் படியில் வாந்தி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அந்த அக்கா தாழ்வாரத்து ஓரத்தில், மழை விழுகிற இடத்தில், பிள்ளையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு நின்றா. பிள்ளையின் கை துணிபோலத் தொங்கியது. அவ மழைத் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு அதன் நெற்றியிலும் உள்ளங்காலிலும் தடவினா. வாய்க்குள் ஏதோ அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா. நான் என் பங்குக்கு அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். வேறு எந்தச் சொல்லும் எனக்கு வரவில்லை. எத்தனை நிமிடம் என்று தெரியாது. அன்று என்னிடம் கடிகாரம் பார்க்கும் புத்தி இல்லை.

பிள்ளை ஒரு தரம் விக்கியது. பிறகு அழுதது. தகரத்து மழையை மீறி, கூரையைப் பிய்த்துக்கொண்டு போவது மாதிரி அழுதது.

சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டார் ஓட்டோ பிடித்து எங்களைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பேருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். இளம் டொக்டர் ஒருவர், சிங்களம் கலந்த தமிழில் பொறுமையாகக் கதைத்தார். அறைக்குள் என்ன எரித்தீர்கள் என்று கேட்டார். கரி என்றேன். அவர் என் கட்டிலோரம் நின்று, காற்றுப் போதாமல் கரி எரிந்தால் ஒரு வாயு வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளுக்குத் தெரியாமலே தூங்கவைத்துவிடும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினார். காபனோரொட்சைட்டு. நிறமற்றது, மணமற்றது. அந்த வரியை அதே ஒழுங்கில் வருடா வருடம் கரும்பலகையில் எழுதி, கோடு போட்டு, பரீட்சையில் கேட்டு, புள்ளியும் கொடுத்தவள் நான். முதன்முதலாகக் கேட்கிறவள் மாதிரித் தலையை ஆட்டினேன்.

தாதி வந்து விபரம் எழுதினா. தொழில் கேட்டா, டீச்சர் என்றேன். என்ன பாடம் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டா.

தமிழ் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். உம்மா ஒரு வார்த்தையும் ஏசவில்லை, அதுதான் பெரிய ஏச்சு. உப்பளத்திலிருந்து ஓடிவந்த மச்சான் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே இருந்தார். அன்றைக்கு மாலை தங்கைதான் கேட்டாள்:

"உங்கட கரியாலயா ராத்தா?"

புகையைக் காணாமற் செய்தது நான், ஜன்னலைச் சாத்தியதும் நான். தூளுக்கும் மழைக்கும் பழியைப் போட்டு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம், அதற்கு வேண்டிய விஞ்ஞானம் என்னிடம் நிறைய இருந்தது.

"ஓம்," என்றேன். "என்னாலதான்."

அவள் கட்டிலில் தள்ளி உட்கார்ந்து, பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அந்தப் பச்சைப் பிள்ளையின் பாரத்தை என் மடி இன்னும் மறக்கவில்லை. நான் அழுதேன். அவள் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொன்னாள்.

அடுத்த வாரம் உடப்பு அக்கா வந்தா. உம்மா அவவின் இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிவந்து கதிரையில் உட்காரவைத்தா. புதுச் சாரி ஒன்றை மடியில் வைத்தா. அவ கூச்சத்தோடு அதைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டா. வாங்க மறுத்தால் உம்மா அழுதிருப்பா, அது அவவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று தான் கொண்டு வந்த பால்சுறா என்னவானது என்று கேட்டா. எனக்கு அதுவரை அந்த நினைவே வரவில்லை. உம்மாதான் சொன்னா, ஓட்டோ போன பிறகு பஸ்ஸால் வந்து இறங்கியவ, ஜன்னலடியில் கிடந்த அந்தப் பொட்டலத்தைக் கண்டு எடுத்து, கழுவி, உப்புப் போட்டு வைத்தாவாம். என்ன நடந்ததென்று தெரியாமலே. அவவுக்கும் வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

"அப்ப ஒரு கை வாங்கிட்டுது," என்று உடப்பு அக்கா நிம்மதியாகச் சிரித்தா.

எழும்பிப் போகும்போது பின்பக்கம் மூலையில் கிடந்த கரிச் சாக்கைப் பார்த்தா. அதைக் கிடங்கு வெட்டிப் புதைக்க வைத்திருந்தேன்.

"இதா டீச்சர் அந்தக் கரி?"

"ஓம் அக்கா. புதைக்கப் போறன்."

"என்னத்துக்குப் புதைக்கிறீங்க? எங்கட கடற்கரையில இந்தக் காத்துக்கு ஒரு கரியும் லேசில பத்தாது. மீன் சுட நாங்க படுற பாடு. தாங்க, கொண்டு போறன். அங்க சாத்துறத்துக்கு ஜன்னலும் இல்ல, கதவும் இல்ல."

கொடுத்தேன். தலையில் கூடையும் இடுப்பில் என் கரிச் சாக்குமாக அவ சந்தியைப் பார்த்து நடந்துபோனதை ஒழுங்கை முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த தடவை வந்தபோது, நல்லாத்தான் பத்துது, ஆனாச் சுறுக்கா முடிஞ்சு போகுது டீச்சர் என்று குறை சொன்னா. என் கொப்பியில் எழுதியிருந்ததும் அதுதான். ஒரு கரண்டியாகக் குறைத்துச் செய்து கொடுத்தேன். பிறகு பல காலம் செய்து கொடுத்தேன்.

அந்த வருடம் பத்தாம் ஆண்டு வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது, நிறமற்றது, மணமற்றது என்று எழுதிவிட்டு வெண்கட்டியைக் கீழே வைத்தேன். இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன், தாதியிடம் சொன்ன பொய் உட்பட. வகுப்பில் அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை. அந்த அமைதியே எனக்குப் பயத்தைத் தர, போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

தங்கையின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், ஒரு நிமிடம் வாய் ஓயாது. அந்த அறையில்தான் இருந்து படிக்கிறாள். ஜன்னல் கொளுக்கி அன்று வளைந்தபடியே இருக்கிறது. மச்சான் எத்தனையோ தடவை மாற்றப் பார்த்தார், நான் விடவில்லை. அதனால் பலகை முழுக்கச் சாத்தாது, ஒரு விரல் இடைவெளி எப்போதும் இருக்கும். மாரியில் அதற்குள்ளால் சாரல் அடித்து அவளுடைய கொப்பி நனைகிறது என்று பெரியும்மா, பெரியும்மா என்று கத்துவாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் அந்த வீட்டில் ஒரு மழைநாளில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்ததைத்தான் நல்ல தூக்கம் என்று நினைத்து நான் ஒருமுறை சந்தோஷப்பட்டேன்.